மூன்று நாடுகள், ஒரு முதுகலைப் பட்டம்: பண்ருட்டி வாசகியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நான் அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் சிவில் பிரிவில் இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் பண்ருட்டிக்கு அருகில் ஒரு கிராமம். அப்பா முந்திரித் தோப்பும் சிறிது பலாவும் வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை வந்த முதல் ஆள் நான்தான். நிலத்தடி நீர் குறித்துப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகைத் திட்டத்தில் முதல் பருவம் போர்ச்சுகலின் லிஸ்பனிலும், இரண்டாம் பருவம் நெதர்லாந்தின் டெல்ஃப்டிலும், மூன்றாம் பருவம் ஜெர்மனியின் டிரெஸ்டனிலும் படிக்கும் ஒரு முதுகலைப் படிப்பைப் பற்றி என் பேராசிரியர் சொன்னார். “ஓர் ஊரில் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தால் போதாதா? ஆறு மாதத்துக்கு ஒரு நாடு என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தால் எப்போது படிப்பாய்?” என்று அப்பா கேட்கிறார். இப்படி வாங்கும் பட்டம் இந்தியாவில் செல்லாது என்கிறார் தாய்மாமா. கடலூரில் உள்ள ஒரு முகவர் 3 லட்சம் ரூபாய் கொடுத்தால் உதவித்தொகையோடு இடம் உறுதி என்கிறார். மூன்றாம் பருவத்தில் எனக்குக் கணிதத்தில் ஓர் அரியர் இருந்தது. பிறகு தேர்ச்சி பெற்றுவிட்டேன். அது தடையாகுமா? பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பியும் இளங்கலையையே இப்படிப் பல நாடுகளில் படிக்கலாமா என்று கேட்கிறான். வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள கேள்விகளில் உங்கள் அப்பா கேட்டதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். கல்லூரிப் படிப்பு ஓரிடத்தில் நிலைத்து இருந்து செய்ய வேண்டிய காரியம் என்ற அவருடைய எண்ணம் தவறானது அன்று. பெரும்பாலான பாடங்களுக்கு அதுவே சரி. ஆகவே, பல நாடுகளில் படிக்கும் எந்தப் படிப்பைப் பார்த்தாலும், “இந்தப் பருவத்தை இந்த ஊரில் படிப்பதற்கு என்ன காரணம்?” என்று கேட்டுப் பாருங்கள். பாடத்திட்டத்தில் ஊர்ப் பெயர்களை அழித்துவிட்டுப் படித்தாலும் ஒன்றும் குறையவில்லை என்றால், அந்தப் படிப்புக்காக மூட்டை கட்ட வேண்டியதில்லை. ஊர்ப் பெயரை அழித்தவுடன் பாடமே பாதி அழிந்துபோகிறது என்றால், அங்கே போகத்தான் வேண்டும்.

நீங்கள் குறிப்பிட்ட நிலத்தடி நீர்ப் படிப்பு, என் பார்வையில், இரண்டாம் வகையைச் சேர்ந்தது. போர்ச்சுகலின் தெற்குப் பகுதியான அல்கார்வ், கடலோரச் சுற்றுலாவும் பழத் தோட்டங்களும் ஒரே நீரை நம்பி வாழும் வறண்ட நிலம். 2024இன் தொடக்கத்தில் வறட்சி முற்றியபோது அங்கே வேளாண்மைக்கும் வீடுகளுக்கும் நீர்ப் பயன்பாட்டை அரசு குறைக்க நேர்ந்தது. டெல்ஃப்ட் இருக்கும் நெதர்லாந்தில் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. 1953ஆம் ஆண்டு கடல் வெள்ளத்தில் அந்நாட்டில் மட்டும் 1,836 பேர் இறந்த பிறகு கட்டப்பட்ட மாபெரும் தடுப்பு அமைப்புகளைப் பலரும் அறிவார்கள். கரையோர நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதைக் கணிப்பதிலும் கட்டுப்படுத்துவதிலும் அந்நாட்டுப் பொறியாளர்களுக்கு உள்ள நீண்ட அனுபவம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடலூர்க் கடற்கரையோரக் கிணறுகளைப் பற்றி யோசிக்கும் ஒருவருக்கு அது வெளிநாட்டுச் செய்தியாகவே தோன்றாது.

மூன்றாவது ஊரான டிரெஸ்டனைப் பற்றி உங்களிடம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்நகருக்கு வடகிழக்கே லவுசிட்ஸ் என்ற பகுதி இருக்கிறது. அது பழுப்பு நிலக்கரி நிலம். திறந்தவெளிச் சுரங்கம் தோண்டுவதற்காகப் பல பத்தாண்டுகள் அங்கே நிலத்தடி நீரை இறைத்து மட்டத்தைத் தாழ்த்தினார்கள். 1990க்குப் பிறகு பல சுரங்கங்கள் மூடப்பட்டதும், தாழ்ந்த நீர் மெல்ல மேலேறத் தொடங்கியது. கைவிடப்பட்ட குழிகள் ஏரிகளாக மாற்றப்பட்டன. அந்த நீரில் அமிலத்தன்மை, இரும்பு, சல்பேட் என்று புதுச் சிக்கல்கள் எழுந்தன. 2038ஆம் ஆண்டுக்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்துவதென ஜெர்மனி 2020இல் சட்டம் இயற்றியிருப்பதால், எஞ்சிய சுரங்கங்களுக்குப் பிறகு அந்த நீர் என்ன ஆகும் என்பது அங்கே அன்றாடக் கேள்வி. இப்போது உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். பண்ருட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நெய்வேலி. அங்கும் அதே பழுப்பு நிலக்கரி. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் வெட்ட முடியும் என்ற அதே நிலை. நிலத்தைச் சுரண்டும் ராட்சதச் சக்கர எந்திரங்கள்கூட ஜெர்மன் தொழில்நுட்பத்தில் வந்தவை. ஒரு சுரங்கத்தின் முதுமைக் காலம் எப்படி இருக்கும் என்பதை லவுசிட்ஸ் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறது. நெய்வேலியைச் சுற்றியுள்ள உழவர் குடும்பத்துப் பெண் ஒருத்தி அதை நேரில் போய்ப் பார்த்துப் படிக்க வேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன். உங்கள் அப்பாவின் கேள்விக்கு நான் தரக்கூடிய நேர்மையான விடை இதுதான்: மூன்று ஊர்களிலும் உங்கள் மகள் ஒரே கேள்வியைத்தான் படிப்பாள், அந்தக் கேள்வி உங்கள் தோப்பின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து புறப்பட்டது.

இனி நடைமுறைக்கு வருவோம். எராஸ்மஸ் முண்டுஸ் 2004இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத் திட்டம். பல பல்கலைக்கழகங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து ஒரே முதுகலைப் படிப்பை வடிவமைக்கின்றன. மாணவர் குறைந்தது இரண்டு வேறு நாடுகளில் படிக்க வேண்டும் என்பது விதி. உதவித்தொகை பெறுபவரிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. காப்பீட்டையும் கூட்டமைப்பே ஏற்கிறது. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்களுக்கு வழங்கப்படுகிறது. பயணம், விசா, வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் இந்தத் தொகைக்குள் அடங்கும். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் இந்த உதவித்தொகை.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய, ஆனால் நம்மவர் பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு. ஒரு படிப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் மொத்த உதவித்தொகைகளில் ஒரே நாட்டினருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அதாவது உங்கள் உண்மையான போட்டி பிரேசில் மாணவரோடோ கானா மாணவரோடோ அன்று. பிற இந்திய மாணவர்களோடுதான். சில ஆண்டுகளில் இந்த உதவித்தொகையை அதிகம் பெற்ற நாடு இந்தியாதான் என்பது எவ்வளவு உண்மையோ, ஒவ்வொரு படிப்பிலும் இந்தியர்களுக்கான இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதும் அவ்வளவு உண்மை. இன்னொன்று, ஒன்றியம் ஒரு கூட்டமைப்புக்குக் குறிப்பிட்ட சில ஆண்டுச் சேர்க்கைகளுக்கு மட்டுமே நிதி ஒதுக்குகிறது. காலம் முடிந்தால் அவர்கள் மறுபடி விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். எனவே, நீங்கள் சேரவிருக்கும் ஆண்டில் அந்தப் படிப்புக்கு உதவித்தொகை இருக்கிறதா என்பதை ஒன்றியத்தின் அதிகாரபூர்வப் பட்டியலிலும் படிப்பின் சொந்த இணையதளத்திலும் பார்த்து உறுதி செய்த பிறகே உழைப்பைச் செலவிடுங்கள். அது இல்லாவிட்டால் நீரியல் சார்ந்த வேறு கூட்டுப் படிப்புகளைத் தேடுங்கள். டிரெஸ்டன், டெல்ஃப்ட், பார்சிலோனா, லியூப்லியானா ஆகிய ஊர்களை இணைத்து உருவாக்கப்பட்ட வெள்ள அபாய மேலாண்மைப் படிப்பு அத்தகைய ஒன்று. 2011இன் தானே புயலையும் 2015இன் பெருவெள்ளத்தையும் கண்ட மாவட்டத்திலிருந்து வரும் உங்களுக்கு அதிலும் சொல்ல நிறைய இருக்கும்.

விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள். அது நேராக அந்தக் கூட்டமைப்புக்குத்தான் போகிறது. இடையில் தூதரகமோ முகவரோ கிடையாது. 3 லட்சம் கேட்பவரின் கையில் கொடுப்பதற்கு ஓர் இடமும் இல்லை. உதவித்தொகையை எவராலும் உறுதியளிக்க முடியாது. அப்படி உறுதியளிப்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொல்கிறேன். இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு தரும் நோக்கக் கடிதத்தை அவர் எழுதித் தருவது இன்னும் பெரிய ஆபத்து. ஒரே முகவர் நாற்பது பேருக்கு எழுதிய கடிதங்கள் ஒரே தேர்வுக் குழுவின் மேசைக்குப் போய்ச் சேருகின்றன. பத்து சதவீத விதி உள்ள இடத்தில் மற்ற இந்தியர்களைப் போலவே தோன்றுவதைவிடக் கெடுதல் வேறில்லை.

நோக்கக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். “சிறு வயது முதல் நீர் மீது ஆர்வம்” என்ற தொடக்கம் வேண்டாம். உங்கள் தோப்பில் தாத்தா காலத்தில் எத்தனை அடியில் நீர் இருந்தது, இன்று எத்தனை அடிக்குப் போடுகிறார்கள், மோட்டாரின் குதிரைத்திறன் எத்தனை முறை மாற்றப்பட்டது என்பதை வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே வட்டாரத்துக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியமும், சென்னை தரமணியில் இயங்கும் மாநில நீர்வள விவர மையமும் வைத்திருக்கும் கண்காணிப்புக் கிணறுகளின் அளவீடுகளைத் தேடி ஒப்பிடுங்கள். அந்த இரண்டும் எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்பதை ஒரு பத்தியில் சொல்லி, அந்தப் பொருந்தாமையைப் புரிந்துகொள்ள எந்தப் பருவத்தின் எந்தப் பாடம் உதவும் என்று காட்டினால், தேர்வுக் குழு அந்தக் கடிதத்தை மற்றவற்றோடு குழப்பிக்கொள்ளாது. இறுதியாண்டுத் திட்டப் பணியையும் இதே பொருளில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் பேராசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள். பரிந்துரைக் கடிதம் தருபவர்களும், நீங்கள் செய்த வேலையை நேரில் பார்த்தவர்களாக இருக்கட்டும். துறைத் தலைவர் என்ற பதவிக்காக மட்டும் ஒருவரிடம் போகாதீர்கள்.

அரியரைப் பற்றிக் கவலை வேண்டாம். மதிப்பெண் பட்டியலில் அது தெரியத்தான் செய்யும். மறைக்கவும் வேண்டாம், ஒரு பக்கத்துக்கு விளக்கவும் வேண்டாம். பிந்தைய பருவங்களில் கணிதம் சார்ந்த பாடங்களான நீரியல், பாய்ம இயக்கவியல் ஆகியவற்றில் நல்ல மதிப்பெண் இருந்தால் அதுவே போதிய விடை. தேதிகளை மட்டும் தவறவிடாதீர்கள். பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து அதிகாரபூர்வ மதிப்பெண் தொகுப்பு கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, கடவுச்சீட்டு, வசிப்பிடச் சான்று ஆகிய மூன்றையும் அக்டோபருக்குள் கையில் வைத்திருங்கள். இறுதியாண்டு மாணவர்களைப் பெரும்பாலான படிப்புகள் ஏற்கின்றன. ஆனால் வகுப்பு தொடங்குவதற்குள் தற்காலிகப் பட்டச் சான்று வந்தாக வேண்டும்.

இடம் கிடைத்தபின் உங்களை உண்மையில் சோதிப்பது குடிவரவுச் சட்டம். பலரும் செய்யும் தவறு, தமக்குள் எல்லைச் சோதனையின்றிப் போய்வர அனுமதிக்கும் ஷெங்கன் நாடுகளில் ஒன்றின் வதிவிட அட்டை இருந்தால் எங்கும் படிக்கலாம் என்று நினைப்பது. அந்த அட்டை மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களில் 90 நாட்கள் வரை தங்குவதற்கு மட்டுமே இடம் தரும். ஒரு முழுப் பருவம் படிக்க அது போதாது. அதற்கென ஒன்றியம் 2016இல் ஓர் ஆணையைக் கொண்டுவந்தது. ஒன்றியத் திட்டத்தின்கீழோ பல்கலைக்கழக ஒப்பந்தத்தின்கீழோ படிக்கும் மாணவர், முதல் நாட்டின் வதிவிட அனுமதியோடு இரண்டாம் நாட்டில் 360 நாட்கள் வரை படிக்கலாம். டென்மார்க்கும் அயர்லாந்தும் இதில் சேரவில்லை. ஜெர்மனி போன்ற நாடுகளில் இதற்கு முன்கூட்டிய அறிவிப்பு தேவை. அங்கே உங்களைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் கூட்டாட்சிக் குடிவரவு அலுவலகத்துக்குக் குறைந்தது 30 நாட்கள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். நெதர்லாந்தில் பல்கலைக்கழகமே மாணவருக்காகக் குடிவரவுத் துறையிடம் பேசும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு மெல்லிய கண்ணி உண்டு. முதல் நாட்டின் அட்டை, இரண்டாம் நாட்டில் படிக்கும் காலம் முழுவதும் செல்லுபடியாக இருக்க வேண்டும். உங்கள் படிப்பில் முதல் நாடு போர்ச்சுகல். அங்கே படிப்பு விசா நான்கு மாதங்களுக்குத் தரப்படுகிறது. போய்ச் சேர்ந்தபின் வதிவிட அட்டைக்கு நேரில் ஆஜராக வேண்டும். 2023 அக்டோபரில் பழைய குடிவரவுத் துறையைக் கலைத்துவிட்டு அய்மா என்ற புதிய அமைப்பைத் தொடங்கியபோது லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் நிலுவையில் இருந்தன. முதல் பருவம் முடிந்து டெல்ஃப்டுக்குக் கிளம்பும் நாளில் அட்டை கையில் இல்லாவிட்டால் சிக்கல். ஆகவே, சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதி, சென்ற ஆண்டு இந்திய மாணவர்கள் ஒவ்வோர் எல்லையையும் எந்த அனுமதியில் கடந்தார்கள், எந்த நாட்டுக்குத் தனி விசா எடுத்தார்கள் என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். நான் வழிகாட்டிய மாணவர் ஒருவர், வேறொரு படிப்பில், இரண்டாம் நாட்டுக்கு வந்து மூன்று வாரத்தில் முதல் நாட்டு அட்டை காலாவதியாகும் என்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். இரண்டு மாதம் அலுவலகங்களுக்கு அலைந்தார்; களப்பயணம் ஒன்றை இழந்தார்; பட்டத்துக்கு மட்டும் பாதிப்பு வரவில்லை. அவரிடம் நான் அந்தத் தேதியைக் கேட்டிருக்க வேண்டும். அன்று முதல், நாடு மாறும் எந்த மாணவரிடமும் முதலில் அட்டையின் கடைசித் தேதியைத்தான் கேட்கிறேன்.

நாட்டுக்கு நாடு சிறு கடமைகளும் மாறும். ஜெர்மனியில் வீடு புகுந்து 14 நாட்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். நெதர்லாந்தில் நான்கு மாதத்துக்கு மேல் தங்குபவர் ஐந்து நாட்களுக்குள். போர்ச்சுகலில் வரி எண் இல்லாமல் வாடகை ஒப்பந்தமே நகராது. மதிப்பெண் முறையும் மாறும்: போர்ச்சுகலில் இருபதுக்குப் பத்து தேர்ச்சி, டச்சு முறையில் பத்துக்கு ஐந்தரை, ஜெர்மனியில் 1.0தான் மிக உயர்ந்தது, 4.0க்கு மேல் போனால் தோல்வி. ஜெர்மனியில் இருந்து முதன்முதலாக மதிப்பெண்ணை வீட்டுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையேல் 1.3 என்றதும் அம்மா பதறிவிடுவார். ஒரு பாடத்தில் தவறினால் மறுதேர்வு எழுதும்போது நீங்கள் அடுத்த நாட்டில் இருப்பீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த ஒரு காரணத்துக்காகவே முதல் பருவத்தில் ஊர் சுற்றுவதைக் குறைத்துக்கொள்ளும்படி எல்லா மாணவர்களுக்கும் சொல்கிறேன்.

பணத்தில் ஒரு முன்னேற்பாடு தேவை. உதவித்தொகையின் முதல் தவணை நீங்கள் போய்ச் சேர்ந்து, பதிவு செய்து, வங்கிக் கணக்கைத் தெரிவித்த பிறகே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானச் சீட்டு, விசா, சான்றொப்பம், முதல் மாத வாடகையும் முன்பணமும் என்று இரண்டரை முதல் மூன்று லட்சம் ரூபாய் கையில் இருப்பது நல்லது. முகவர் கேட்ட அதே தொகை. அதை உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள். லிஸ்பனிலும் டெல்ஃப்டிலும் அறை கிடைப்பது கடினம். நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பி ஏமாறுபவர்கள் உண்டு. ஆகவே, பல்கலைக்கழகம் வழியாகவோ மூத்த மாணவர்கள் காலி செய்யும் அறையைப் பெற்றோ போவதே பாதுகாப்பு. பெண் பிள்ளையைத் தனியே அனுப்புகிறோமே என்ற தவிப்பு உங்கள் பெற்றோருக்கு இருக்கலாம். இந்தப் படிப்புகளில் இருபது முப்பது பேர் கொண்ட ஒரே குழு ஊர்விட்டு ஊர் ஒன்றாகவே நகர்கிறது. இரண்டாம் பருவத்துக்குள் அவர்கள் ஒரு குடும்பம்போல் ஆகிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தாய்மாமா சொன்னதற்கு வருகிறேன். “செல்லாது” என்பது சரியன்று. “தானாகச் செல்லும்” என்று நம்பிவிடவும் கூடாது. கூட்டுப் படிப்பில் பட்டம் இரண்டு வகையில் வரலாம். எல்லாப் பல்கலைக்கழகங்களின் பெயரும் பொறித்த ஒரே கூட்டுப் பட்டம் ஒன்று. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே தரும் பட்டங்கள் இன்னொன்று. உங்களுக்குக் கிடைப்பது எது என்பதைச் சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டத்தோடு தரப்படும் விளக்க இணைப்பையும் பத்திரமாக வையுங்கள். எந்தப் பருவம் எந்த ஊரில், எத்தனை கிரெடிட் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஐரோப்பியக் கணக்கில் ஆண்டுக்கு 60, இரண்டாண்டுக்கு 120 கிரெடிட். வெளிநாட்டுப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்கு இணையானது என்று இந்தியாவில் இணைத்தன்மை தரும் பணியை நீண்ட காலம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு செய்துவந்தது. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) இதற்கெனத் தனி ஒழுங்குமுறையை வெளியிட்டது. பட்டம் தரும் நிறுவனம் தன் நாட்டில் அங்கீகாரம் பெற்றதா, சேர்க்கைத் தகுதி இங்குள்ளதற்கு ஒப்பானதா என்பவையே முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன. மருத்துவம், சட்டம், கட்டடக்கலை போன்று தனிக் குழுமங்கள் உள்ள துறைகள் அதில் வாரா.

உங்களுக்குக் குறிப்பாக ஓர் எச்சரிக்கை. இந்த வகைப் பட்டங்கள் பெரும்பாலும் எம்.எஸ்சி. என்ற பெயரில் வருகின்றன. பி.இ. தகுதி மட்டும் கேட்கும் அரசுப் பணிகளுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை, உங்கள் பி.இ. அப்படியே இருக்கிறது. ஆனால் பிற்காலத்தில் பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக வர விரும்பினால், எம்.இ.க்கு இணையாக இதை ஏற்பார்களா என்ற கேள்வி எழும். அதற்கு வாய்மொழி விடைகளை நம்பாமல், பட்டம் கையில் வந்ததும் இணைத்தன்மைச் சான்றுக்கு விண்ணப்பித்து எழுத்தில் பெறுங்கள்.

இடம் கிடைத்து உதவித்தொகை கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அது நடக்கக்கூடியது. சொந்தச் செலவில் சேரலாம் என்று கடிதம் வரும். உங்கள் குடும்ப நிலையில் அதை ஏற்க வேண்டாம். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். தோப்பையும் வீட்டையும் இதற்காக வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஓராண்டு நீர்வளம் சார்ந்த வேலை ஒன்றில் சேர்ந்து, களத்தில் கிணறுகளை அளந்து, அந்த அனுபவத்தோடு மறுபடி விண்ணப்பியுங்கள். இரண்டாம் முறையில் வென்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய இரண்டாவது கடிதம் முதலாவதைவிட எப்போதும் மேலானதாக இருந்தது.

தம்பிக்குச் சுருக்கமாக. இளங்கலையிலும் இத்தகைய படிப்புகள் உண்டு. 2014இல் முதல் வகுப்பைத் தொடங்கி 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக அங்கீகாரம் பெற்ற மினெர்வாவில் மாணவர்கள் நகரம் நகரமாக மாறி வாழ்கிறார்கள், பாடம் மட்டும் இருபது பேருக்கும் குறைவான வகுப்புகளில் காணொளி வழியே நடக்கிறது. நம் ஹைதராபாதும் அதன் நகரங்களில் ஒன்றாக இருந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ், ஹாங்காங், மிலான் ஆகிய மூன்று ஊர்ப் பல்கலைக்கழகங்கள் 2013 முதல் ஒரு கூட்டு வணிகப் பட்டத்தை நடத்துகின்றன. பாரிஸை வேராகக் கொண்ட ஈஎஸ்சிபி வணிகக் கல்லூரி மூன்றாண்டில் மூன்று நாடுகள் என்ற இளங்கலையைத் தருகிறது. இவை நல்ல படிப்புகள்; ஆனால் செலவு மிக அதிகம், எராஸ்மஸ் முண்டுஸ் போல முழுச் செலவையும் ஏற்கும் பொது நிதி இவற்றுக்கு இல்லை. காணொளி வகுப்புகள் வழியே பெறும் பட்டத்துக்கு இந்தியாவில் இணைத்தன்மை கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டியிருக்கும். முழு நிதியுதவி கையில் வந்தாலொழிய, தம்பி இளங்கலையை இங்கே முடித்துவிட்டு அக்கா போன வழியில் வருவதே நல்லது.

கடைசியாக, நான்காம் பருவ ஆய்வேடு. அதை எந்த நாட்டில் செய்கிறீர்கள் என்பது வெறும் பாட விருப்பம் என்று எண்ணிவிடாதீர்கள். படிப்பு முடிந்தபின் வேலை தேடித் தங்க குறைந்தது ஒன்பது மாதம் தர வேண்டும் என்பது 2016 ஆணையின் விதி; ஜெர்மனி 18 மாதமும் நெதர்லாந்து ஓராண்டும் தருகின்றன. ஆனால் முதல் நாட்டு அட்டையோடு, முன்கூட்டிய அறிவிப்பின் பேரில் தங்கியிருப்பவரும் அந்நாட்டின் சொந்த வதிவிட அட்டை உள்ளவரும் ஒன்றல்லர். இறுதிப் பருவத்தில் உங்கள் பையில் எந்த நாட்டு அட்டை இருக்கும் என்பதை மூன்றாம் பருவத் தொடக்கத்திலேயே ஒருங்கிணைப்பாளரிடம் பேசி முடிவு செய்யுங்கள். பொருளைப் பொறுத்தவரை, லவுசிட்ஸில் கற்றதை நெய்வேலியின் நீரோடு வைத்துப் பார்க்கும் ஆய்வேடாக இருந்தால் மகிழ்வேன்.

இந்தப் பதிலை அப்பாவிடம் முழுமையாகப் படித்துக் காட்டுங்கள். தோப்பின் கிணற்று ஆழத்தை அவரிடம் கேட்டு, ஆண்டு வாரியாக ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். கடிதத்தின் முதல் வரைவு முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உயர்கல்வி ஆலோசகர்